அச்சிட்ட வாசிப்புக் குறிப்பேடு: பாதிக் கட்டங்கள் அலங்காரம், ஒரு வரிக்காக வாங்கலாம்

படித்த புத்தகங்களைக் குறித்து வைப்பதற்கென்றே அச்சடித்து விற்கிற குறிப்பேடுகள் இப்போது நிறைய வந்துவிட்டன. உள்ளே எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான்: தலைப்பு, ஆசிரியர், தொடங்கிய தேதி, முடித்த தேதி, மொத்தப் பக்கம், ஐந்து நட்சத்திரம், பிடித்த வரிகள். எனக்கு ஒன்று பரிசாக வந்தது. தயாரித்தவர்கள் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் சொல்லப்போகிற குறைகளில் பெரும்பாலானவை இந்த வகைக் குறிப்பேடு எல்லாவற்றுக்கும் பொருந்தும். சொந்தக் காசு போட்டு வாங்கியிருந்தால் சீக்கிரமே மூடி வைத்திருப்பேனோ என்னவோ. ஆனால் அது நிரம்பிவிட்டது, அதே வகையில் இன்னொன்றையும் வாங்கித் தொடங்கியாயிற்று. நிரப்பிய விதம் மட்டும் வடிவமைத்தவர்கள் நினைத்த விதம் இல்லை.

முதலில் பொருளைப் பற்றி. ஏ5 அளவு, பைக்குள் போகும். நூலால் தைத்த கட்டு என்பதால் மேசையில் விரித்து வைத்தால் கையால் அழுத்திப் பிடிக்காமலே தட்டையாகக் கிடக்கிறது. வெறும் பசை ஒட்டிய கட்டாக இருந்தால் நடு மடிப்பு ஓரமாக எழுதவே முடியாது, வாங்குகிறவர்கள் அட்டைப் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள். தாள் 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்), பால்பாயிண்ட் பேனாவுக்கும் பென்சிலுக்கும் தாராளம். மைப்பேனா என்றால் பின்பக்கம் தெரிகிறது. ஒரு ரிப்பன், பின்னட்டையில் ஒரு காகிதப் பை, அவ்வளவுதான். தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு எரிச்சல் உண்டு, கட்டங்கள் எல்லாம் ஆங்கிலக் கையெழுத்தை மனதில் வைத்துப் போட்டவை, ஆசிரியர் பெயரை முழுசாக எழுதினாலே கோட்டைத் தாண்டிவிடுகிறது, ‘பிடித்த கதாபாத்திரம்’ கட்டத்தில் ஒரு பெயரும் ஒரு அரை வாக்கியமும்தான் அடங்கும்.

சரி, உள்ளே போகலாம். முதல் பக்கத்திலேயே ‘உங்கள் வாசிப்பு வேகம்’ என்று ஒரு கட்டம், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பக்கம் என்று கேட்கிறது. இதைத் தெரிந்து என்ன செய்வது என்று குறிப்பேட்டுக்கும் தெரியவில்லை, பின்னால் எங்கேயும் அந்த எண்ணைத் திரும்பக் கேட்பதே இல்லை. 2019-இல் மார்க் பிரிஸ்பேர்ட் என்ற உளவியலாளர் 190 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, ஆங்கிலத்தை மனதுக்குள் வாசிக்கிறவர்களின் சராசரி வேகம் புனைவல்லாத நூல்களுக்கு நிமிடத்துக்கு 238 சொல், புனைவுக்கு 260 சொல் என்று கணக்குச் சொன்னார். அது ஆங்கிலத்துக்கு. தமிழில் மூன்று நான்கு ஆங்கிலச் சொல்லுக்கு உண்டான விஷயம் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும், அந்த எண்ணை வைத்து நம்மை அளந்துகொண்டு வருத்தப்பட ஒன்றும் இல்லை. அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

அடுத்தது வருட இலக்கு. இரண்டு பக்கம் முழுக்க ஒரு புத்தக அலமாரிப் படம், ஒவ்வொரு புத்தகம் முடிக்கும்போதும் ஒரு முதுகுக்கு வண்ணம் தீட்ட வேண்டும். பார்க்க அழகுதான், பிள்ளைகளுக்குக் கொடுத்தால் கொண்டாடுவார்கள். ஆனால் அந்தப் படம் கண் முன்னால் இருக்கிற வரைக்கும் கை தானாக மெல்லிய புத்தகத்தைத்தான் எடுக்கிறது, 120 பக்கக் குறுநாவலுக்கும் 900 பக்க நாவலுக்கும் ஒரே ஒரு முதுகுதான் கிடைக்கிறது என்றால் வேறென்ன நடக்கும்? படித்த புத்தகங்களைப் பட்டியலிட்டு மதிப்பிடுகிற குட்ரீட்ஸ் தளத்தில் இருக்கிற வருடச் சவாலும் இதே கணக்குதான், இத்தனை புத்தகம் என்று ஓர் எண் போட்டுவிட்டால் அது ஒவ்வொரு முறையும் நீங்கள் முந்தியிருக்கிறீர்களா பிந்தியிருக்கிறீர்களா என்று காட்டிக்கொண்டிருக்கும். சிலருக்கு அது உந்துதல், மறுக்கவில்லை. வாசிப்பை விட்டே வெகுநாள் ஆனவர்கள் திரும்ப வருவதற்கு ஓர் எண் உதவலாம். ஏற்கனவே படித்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு, ஏன் முன்னளவுக்கு ரசிக்க முடியவில்லை என்று யோசிக்கிறவர்களுக்கு, எத்தனை என்ற கேள்வியில் பதில் கிடைக்காது.

நட்சத்திரங்கள் இன்னும் மோசம். முடித்த அன்றே போடச் சொல்கிறது, அன்றைக்குப் போடுகிற நட்சத்திரம் பெரும்பாலும் கடைசி அத்தியாயத்துக்குத்தான் போய்ச் சேருகிறது. முடிவு நன்றாக இருந்தால் நாலு, சொதப்பினால் இரண்டு, நடுவில் முந்நூறு பக்கம் எப்படிப் போனது என்பதற்கு அதில் இடமே இல்லை. நான் அந்த வரிசையைக் காலியாக விட்டுவிட்டு, சில வாரம் கழித்துத் திரும்பி வந்து ‘இப்போது என்ன ஞாபகம் இருக்கிறது’ என்று ஓரத்தில் ஒரே ஒரு வாக்கியம் எழுத ஆரம்பித்தேன். அன்றைக்கு ஆகா ஓகோ என்று தோன்றிய ஒரு துப்பறியும் நாவலுக்கு எதிரே ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதியிருக்கிறது. அது அந்த நாவலுக்குக் குறை இல்லை, அந்த இரண்டு நாளுக்குத் தேவையானதை அது கொடுத்துவிட்டது. அதே நேரம், படிக்கும்போது மெதுவாக, ஏன் சில இடத்தில் அலுப்பாகக்கூடப் போன ஒரு பயண நூலுக்கு எதிரே அரைப் பக்கம் எழுத வேண்டியிருந்தது. இரண்டுக்கும் அன்று போட்டிருந்தால் நட்சத்திரம் தலைகீழாக விழுந்திருக்கும்.

இப்போது நல்லது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒதுக்கிய இரண்டு பக்கத்தில், இரண்டாம் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில், யாரோ கடைசி நிமிடத்தில் சேர்த்தார்கள் போலிருக்கிறது, ஒரே ஒரு வரி: ‘இந்தப் புத்தகத்தை ஏன் எடுத்தீர்கள்?’

இந்த ஒரு வரிக்காகத்தான் இந்த விமர்சனமே எழுதுகிறேன். முதலில் சும்மா நிரப்பினேன். நண்பர் சொன்னார், விருது வாங்கியது, எல்லோரும் பேசுகிறார்கள், அலமாரியில் வெகுநாளாகக் கிடக்கிறது, இப்படி. பாதிக் குறிப்பேடு போன பிறகு ஒருநாள் அந்த வரிகளை மட்டும் வரிசையாகப் புரட்டிப் பார்த்தபோது ஒரு ஒழுங்கு தெரிந்தது. ‘எல்லோரும் பேசுகிறார்கள்’ என்று எழுதியிருந்தவற்றில் முக்கால்வாசி பாதியில் நின்றிருந்தன, அல்லது எப்படியோ முடித்ததாக ஒரு வறண்ட குறிப்பு இருந்தது. ‘இதற்கு முந்தைய புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரி வந்தது, அதனால்’ என்று எழுதியிருந்தவை எண்ணிக்கையில் கொஞ்சம்தான், ஆனால் ஏறக்குறைய எல்லாமே ஆர்வமாகப் படித்தவை. ஒரு கப்பல் விபத்தைப் பற்றிய நூலிலிருந்து கடல் வரைபடங்களின் வரலாற்றுக்கு, அங்கிருந்து கடிகாரம் செய்தவர்களைப் பற்றிய ஒரு நூலுக்கு, அங்கிருந்து ஒரு மாலுமியின் நாட்குறிப்புக்கு என்று ஒரு சங்கிலி ஓடியிருந்தது, அந்தச் சங்கிலியில் ஒன்றைக்கூட நான் பாதியில் வைக்கவில்லை. கேள்வி ஒன்று கையில் இருக்கும்போது எடுத்த புத்தகம் வேறு, நல்ல புத்தகமாம் என்று எடுத்த புத்தகம் வேறு. இரண்டாவதில் நாம்தான் புத்தகத்துக்குப் பரீட்சை வைத்துக்கொண்டிருப்போம், இதில் என்ன அப்படி இருக்கிறது பார்க்கலாம் என்று.

நண்பர் பரிந்துரையிலும் இரண்டு வகை இருக்கிறது என்பது இந்த வரியால்தான் புலப்பட்டது. ‘நீ கட்டாயம் படிக்கணும்’ என்று கொடுத்தவை ஒரு வகை, அவை கடனாகத் தலையில் உட்கார்ந்துகொள்ளும். ‘இதில் ஒரு இடம் வருகிறது, அதைப் பற்றி உன்னோடு பேசணும்’ என்று கொடுத்தவை இன்னொரு வகை, அவற்றை இரண்டே நாளில் முடித்திருக்கிறேன், அந்த இடம் எப்போது வரும் என்று தேடிக்கொண்டே.

தொடங்கிய தேதி, முடித்த தேதிக்குப் பக்கத்தில் கொஞ்சம் வெற்றிடம் இருக்கிறது, அதில் எப்போது, எங்கே உட்கார்ந்து படித்தேன் என்று நானாக எழுத ஆரம்பித்தேன். குறிப்பேட்டில் இதற்குக் கட்டம் இல்லை, கட்டாயம் இருந்திருக்க வேண்டியது. ஏனென்றால் ‘இந்த ஆசிரியர் எழுத்து ஓடவே மாட்டேன் என்கிறது’ என்று எழுதியிருந்த கனமான கட்டுரைத் தொகுப்புகள் எல்லாமே இரவு படுக்கையில் படுத்தபடி படித்தவை. அவற்றில் ஒன்றைக் காலையில், நாற்காலியில், கையில் பென்சிலோடு எடுத்துப் பார்த்தால் அதே பத்தி தெளிவாகப் போகிறது, நகைச்சுவைகூட இருக்கிறது! இரவுக்கு நாவலும் நினைவுக் குறிப்புகளும், காலைக்கு யோசிக்க வைக்கிறவை என்று மாற்றியதுதான் நான் செய்த ஒரே பெரிய மாற்றம், அதற்கப்புறம் பாதியில் நிற்கிற புத்தகங்கள் கண்கூடாகக் குறைந்தன.

நாவலுக்கு இன்னொன்று. பத்துப் பக்கம், பத்துப் பக்கமாகத் தொடங்கிய நாவல்கள் தடுமாறியிருக்கின்றன. முதல் ஐம்பது அறுபது பக்கத்தை ஒரே அமர்வில் கடந்தவை அதற்குப் பிறகு எவ்வளவு துண்டு துண்டாகப் படித்தாலும் தாங்கியிருக்கின்றன. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். தொடக்கத்தில் ஆட்களின் பெயர், யார் யாருக்கு என்ன உறவு, எந்தக் காலம், யார் சொல்கிறார்கள் என்று எல்லாமே புதிது, அதை அரைகுறையாக மூடி வைத்துவிட்டு மறுநாள் வந்தால் திரும்ப முதலிலிருந்து. ஆட்கள் மனதில் உட்கார்ந்துவிட்டால் ஐந்து நிமிடம் கிடைத்தாலும் உள்ளே போய்விடலாம். அதனால் இப்போது நாவலைத் தொடங்குவதற்கென்று ஒரு நீண்ட நேரம் கிடைக்கும்வரை அதைத் திறப்பதில்லை. ஒரே சமயத்தில் இரண்டு நாவல் என்பதையும் விட்டாயிற்று. ஒரு நாவலும் ஒரு வரலாற்று நூலும் சண்டை போடுவதில்லை, இரண்டு நாவல் என்றால் இவன் அண்ணன் அந்தக் கதைக்குள் போய்விடுகிறான்.

கைவிட்டவை. இதற்கு இந்தக் குறிப்பேடு கடைசியில் அரைப் பக்கம்தான் ஒதுக்கியிருக்கிறது, அதுவும் ‘பிறகு முடிக்க வேண்டியவை’ என்ற தலைப்பில். இந்தத் தலைப்பே எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் முடிக்க வேண்டும்? நான்சி பேர்ல் என்ற அமெரிக்க நூலகர் ஒரு விதி வைத்திருக்கிறார், 50 வயது வரை உள்ளவர்கள் ஒரு புத்தகத்துக்கு 50 பக்கம் கொடுத்துப் பாருங்கள், அதற்கு மேல் என்றால் 100-இலிருந்து உங்கள் வயதைக் கழித்து வருகிற அளவு பக்கம் போதும் என்று. 70 வயதுக்காரர் 30 பக்கத்தில் எழுந்து போகலாம். வயது ஏற ஏற நேரம் குறைகிறது, தெரிந்தெடுக்கிற உரிமை கூடுகிறது, எனக்கு இது நியாயமாகவே படுகிறது. பாதியில் வைக்கிறவர்கள் நாம் மட்டும்தானோ என்று கூச்சப்படவும் வேண்டாம். 2014-இல் ஜோர்டன் எல்லன்பெர்க் என்ற கணிதப் பேராசிரியர் விளையாட்டாக ஒரு கணக்குப் போட்டார், அமேசானின் மின்னூல் கருவியான கிண்டிலில் வாசகர்கள் அதிகம் கோடிட்ட ஐந்து இடங்கள் சராசரியாகப் புத்தகத்தின் எந்தப் பகுதியில் வருகின்றன என்று. ஸ்டீபன் ஹாக்கிங் காலத்தைப் பற்றி எழுதிய அந்தப் புகழ்பெற்ற நூலுக்கு 6.6 சதவீதம் வந்தது, அதனால் அந்த அளவுக்கே ஹாக்கிங் குறியீடு என்று பெயர் வைத்துவிட்டார். விஞ்ஞானமான ஆய்வு இல்லை என்று அவரே சொல்லிவிட்டார், இருந்தாலும் கோடெல்லாம் முன்பக்கத்திலேயே நின்றுவிடுவது தற்செயல் என்று நம்ப முடியவில்லை.

எவ்வளவு படித்தேன் என்பதை விட எங்கே, ஏன் நிறுத்தினேன் என்று எழுதுவதுதான் பிரயோசனம். என் குறிப்புகளில் காரணம் பெரும்பாலும் மூன்றுக்குள் அடங்குகிறது. ஒன்று, நான் தேடி வந்த விஷயம் கிடைத்துவிட்டது, மீதி தேவைப்படவில்லை. இன்னொன்று, மொழிபெயர்ப்பு ஓடவில்லை, மூலத்தின் மீது தப்பில்லை. கடைசி, நான் அப்போது இருந்த மனநிலைக்கு ஒத்துவரவில்லை. இந்தக் கடைசி வகைதான் திரும்ப எடுக்கத் தக்கது, மற்ற இரண்டையும் நிம்மதியாக விட்டுவிடலாம். இதைப் பிரித்து எழுதி வைக்காமல் எல்லாவற்றையும் ஒரே குவியலில் போட்டால் அந்தக் குவியலைப் பார்க்கும்போதெல்லாம் குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும், அப்புறம் புதிதாக ஒன்றை எடுப்பதற்கே தயக்கம் வரும்.

பிடித்த வரிகளுக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருக்கிறார்கள். அது நல்ல பக்கம், ஆனால் படிக்கும்போதே எழுத உட்காராதீர்கள், ஓட்டம் அறுந்துவிடும். ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி, அவ்வளவுதான் (நூலகப் புத்தகம் என்றால் அதுவும் வேண்டாம், ஒரு துண்டுச் சீட்டு). இரண்டு மூன்று நாள் கழித்துப் புள்ளிகளைத் தேடிப் போய்ப் பார்த்தால் பாதி வரி ‘இதற்கா புள்ளி வைத்தேன்’ என்று இருக்கும், மீதியை எழுதினால் போதும்.

இப்படி எழுதி வைப்பது ஒன்றும் புதுப் பழக்கம் இல்லை. 16-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டுரையாளர் மோந்தேய்ன், தன் ஞாபகமறதியை நினைத்து, ஒரு முறை மட்டும் படிக்கப்போகிற புத்தகத்தின் கடைசியில் முடித்த தேதியையும் அதைப் பற்றித் தனக்குத் தோன்றியதையும் எழுதி வைத்துவிடுவாராம், பல வருடம் கழித்து அதையே புதுப் புத்தகம் என்று நினைத்துத் திரும்ப எடுத்துவிடக் கூடாது என்று. டார்வின் 1838 முதல் 1860 வரை படிக்க வேண்டியவை, படித்தவை என்று குறிப்பேடுகள் வைத்திருந்தார், மேலோட்டமாகப் புரட்டியதையும் புரட்டியது என்றே எழுதியிருக்கிறார். இரண்டு பேரும் நட்சத்திரம் போடவில்லை.

செயலி இருக்கும்போது காகிதம் எதற்கு என்பவர்களுக்கு: பட்டியல் வைத்துக்கொள்ள, எதைப் படித்தோம் என்று தேட, செயலிதான் வசதி, அதில் சந்தேகமே இல்லை. குட்ரீட்ஸ் 2007-இல் வந்தது, 2013-இல் அமேசான் வாங்கிக்கொண்டது, அதில் அரை நட்சத்திரம் போட முடியாது, முழு நட்சத்திரம்தான். 2019-இல் நாடியா ஓடுனாயோ தொடங்கிய ஸ்டோரிகிராஃபில் கால் நட்சத்திரம் வரை போடலாம், அதை விட முக்கியம், புத்தகத்தின் மனநிலை என்ன, வேகம் எப்படி என்று கேட்டு அதையெல்லாம் வரைபடமாகக் காட்டுகிறது, குட்ரீட்ஸ் பட்டியலையும் கோப்பாக எடுத்து அதில் ஏற்றிவிடலாம். எனக்கு இரண்டில் இதுதான் நான் தேடுகிற விஷயத்துக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனாலும் இரண்டும் புத்தகத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்கின்றன. அந்த வாரம் நான் எந்த நிலையில் இருந்தேன், எந்த நேரத்தில் படித்தேன் என்பதற்கு அங்கே தனிக் கேள்வி கிடையாது, தனிப்பட்ட குறிப்பு எழுதலாம் என்றாலும் ஃபோனைக் கையில் எடுத்தால் குறிப்பு எழுதிவிட்டு அப்படியே புத்தகத்துக்குத் திரும்புகிறவர்கள் எத்தனை பேர் சொல்லுங்கள். இன்னொன்று, நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதினால் ‘புரியவில்லை, தூங்கிவிட்டேன்’ என்று யாரும் எழுத மாட்டார்கள், எனக்கு மிகவும் உதவியவை அந்த மாதிரி வரிகள்தான்.

ஆக, யார் வாங்கலாம்? வருடத்துக்கு ஒன்றிரண்டு புத்தகம் படிக்கிறவர்களுக்கு இது தேவையில்லை, அவ்வளவு குறைந்த குறிப்பில் ஒன்றும் பிடிபடாது. நிறையப் படித்தும் சமீபமாகச் சலிப்புத் தட்டுகிறது, வாங்கிய புத்தகம் எல்லாம் பாதியில் நிற்கிறது என்பவர்கள் வாங்குங்கள், அல்லது இதை வாங்காமலே ஒரு சாதாரணக் கோடு போட்ட நோட்டில் நாலு பத்தி பிரித்துக்கொள்ளுங்கள்: ஏன் எடுத்தேன், எப்போது எங்கே படித்தேன், எங்கே நிறுத்தினேன், கொஞ்ச காலம் கழித்து என்ன ஞாபகம் இருக்கிறது. தினமும் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டுக்கொள்ளாதீர்கள், எடுக்கும்போது ஒரு வரி, வைக்கும்போது ஒரு வரி. அதற்கு மேல் எழுதினால் படிக்கிற நேரம் எழுதுவதில் போய்விடும், வண்ணப் பேனா, ஸ்டிக்கர் என்று ஆரம்பித்தால் அது தனிப் பொழுதுபோக்கு, செய்யுங்கள், ஆனால் வாசிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

என் இரண்டாவது குறிப்பேட்டில் அலமாரிப் படத்தின் மேல் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டி, அதில் சங்கிலிகளை எழுதி வருகிறேன், எந்தப் புத்தகம் எந்தப் புத்தகத்துக்குக் கூட்டிப் போனது என்று அம்புக்குறி போட்டு. தாள் ஒட்டினால் கட்டு கொஞ்சம் உப்புகிறது, மூடினால் சரியாக மூட மாட்டேன் என்கிறது. நட்சத்திரமும் அலமாரியும் இல்லாமல் ‘ஏன் எடுத்தீர்கள்’ என்ற கேள்வியைப் பக்கத்தின் தலையில் போட்டு, கட்டங்களை இன்னும் கொஞ்சம் அகலமாக யாராவது அச்சடித்திருந்தால் தெரியப்படுத்துங்கள், இது முடிந்ததும் அதை வாங்கிக்கொள்கிறேன்.